நான்கு அலகு கூடியதற்கு 690 ரூபா: வருமானம் குறைந்த குடும்பங்களின் மின் கட்டணத்துக்கு அரச உதவி எங்கே இருக்கிறது?

திருக்கடலூர்_வாசி | 2025 ஓகஸ்ட் 3

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலைத் திருக்கடலூரில் அப்பா கட்டிய வீட்டின் முன்பகுதியில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும் இருக்கிறோம். பின்பகுதியில் என் தங்கையும் அவளுடைய கணவரும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே மின்மானிதான். கணக்கு இன்னமும் காலஞ்சென்ற அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது.

ஜூன் மாதப் பட்டியலில் 89 அலகுகள் (யூனிட்) பதிவாகி, வரி சேர்க்காமல் 1701 ரூபா 50 சதம் வந்தது. ஜூலையில் வறண்ட வெப்பக் காற்றான கச்சான் வீசி இரவிலும் வெக்கை தணியாததால், குழந்தைக்காக விசிறி விடியும்வரை ஓடியது. பட்டியலில் 93 அலகுகள், 2392 ரூபா. நான்கு அலகுகளுக்கு எப்படி 690 ரூபா கூடும் என்று பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. என் கணவர் கடற்றொழிலுக்குக் கூலிக்குப் போகிறவர். காற்று அடிக்கும் நாட்களில் படகு இறங்காது. மின் கட்டணம் ஏறுவதும் வருமானம் நின்றுபோவதும் ஒரே மாதத்தில்தான்.

அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறும் குடும்பங்களுக்கு மின் கட்டணச் சலுகைக்கென்று ஒரு விண்ணப்பப் படிவம் இருப்பதாக உறவினர் ஒருவர் சொன்னார். அதை நம்பி ஓர் அலுவலகத்துக்குப் போய் அரை நாள் காத்திருந்தேன். அங்கிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் மீண்டும் முதல் இடத்தையே காட்டினார்கள். அப்படி ஒரு படிவம் உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால் யாரிடம் கேட்க வேண்டும்?

பாலையூற்று_பழையவர் | 2025 ஓகஸ்ட் 3

மகள், மின்கம்பி வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படி ஒரு படிவம் இல்லை. மின் பட்டியலைக் கொடுத்துப் பணம் பெறும் தனித்திட்டம் எதுவும் இலங்கையில் வீடுகளுக்கு நடைமுறையில் இல்லை. ஏழை வீட்டுக்கு அரசாங்கம் செய்யும் மின் உதவி கட்டண அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் அது உதவி என்று பலருக்குத் தெரிவதில்லை. கைவிட்டுப் போகும்போது பறிபோனதும் தெரிவதில்லை.

2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். முப்பது நாட்களில் 60 அலகுக்குள் நின்றால், முதல் 30 அலகுக்கு அலகொன்று 4 ரூபா 50 சதம், அடுத்த 30 அலகுக்கு அலகொன்று 8 ரூபா, நிலையான கட்டணம் 210 ரூபா. 30 அலகுக்குள்ளேயே நின்றால் நிலையான கட்டணம் 80 ரூபா மட்டும். 60 அலகைத் தாண்டிய வீட்டுக்கு அந்த மலிவு விலை முழுவதும் மறைந்துவிடும். முதல் அலகிலிருந்தே 12 ரூபா 75 சதமாகக் கணக்கு மாறும். 61 முதல் 90 வரை 18 ரூபா 50 சதமும் 400 ரூபா நிலையான கட்டணமும், 91 முதல் 120 வரை 24 ரூபாவும் 1000 ரூபா நிலையான கட்டணமும் அறவிடப்படும்.

ஆகவே 60 அலகுக்கு 585 ரூபா. 61 அலகுக்கு 1183 ரூபா 50 சதம். 90 அலகுக்கு 1720 ரூபா. 91 அலகுக்கு 2344 ரூபா. உங்களுடைய 690 ரூபாவில் 600 ரூபா, 90 என்ற கோட்டைத் தாண்டியதற்காக நிலையான கட்டணம் 400 இலிருந்து 1000 ஆனதால் வந்தது. நீங்கள் எரித்த மின்சாரத்தின் விலை மிகுதித் தொண்ணூறு ரூபாதான்.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். மானி வாசிப்பவர் பிந்தி வந்தால் அடுத்த கட்டணப் படிக்குத் தாண்டிவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். பட்டியலில் நாட்களின் எண்ணிக்கை போடப்பட்டிருக்கும்; படிகளின் எல்லை அந்த நாட்களுக்கேற்ப விரியும். 33 நாட்பட்டியலுக்கு 60 என்பது 66 ஆகும். ஆகையால் 60 என்ற எல்லைக்கு நாளொன்றுக்கு 2 அலகு, 90 என்ற எல்லைக்கு 3 அலகு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நிலாவெளி_வீதி | 2025 ஓகஸ்ட் 4

ஐயா விளக்கியது சரி. ஆனால் இதை ஏழைகளுக்கான உதவி என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஒழுங்கையில் மூன்று மாடி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்; கோணேசர் கோயில் திருவிழாவுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போவார்கள். வாசல் மின்குமிழ் ஒன்று மட்டும் எரியும் அந்த வீடுகளுக்கு 4 ரூபா 50 சத விலை கிடைக்கிறது. எட்டுப் பேர் நெருக்கியடித்து வாழும் திருக்கடலூர் வீட்டுக்கு அது கிடைப்பதில்லை. மானிக்கு வீட்டின் கதவு மட்டுமே தெரிகிறது, உள்ளே எத்தனை வயிறு என்பது தெரிவதில்லை. குறைந்த பாவனை என்றால் குறைந்த வருமானம் என்று எடுத்துக்கொண்டதிலேயே இந்த முறையின் பிழை தொடங்குகிறது.

பாலையூற்று_பழையவர் | 2025 ஓகஸ்ட் 4

பூட்டிய வீட்டைப் பற்றிய உங்கள் கோபத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் படியை இகழ்ந்துவிட வேண்டாம், தம்பி. 2022 ஓகஸ்டில் கட்டணம் 75 சதவீதம் கூட்டப்படுவதற்கு முன்னர், 30 அலகு எரித்த வீடு 105 ரூபா கட்டியது: அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவும். 2023 பெப்ரவரி உயர்வில் அதே 30 அலகுக்கு அலகொன்று 30 ரூபாவாகி, 400 ரூபா நிலையான கட்டணமும் சேர்ந்து 1300 ரூபாவுக்கு வந்து நின்றது. செலவை முழுமையாக மீட்கும் விலை என்ற கணக்கு அடித்தட்டையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஆண்டு இந்த நகரத்தில் பட்டியலைக் கட்ட முடியாமல் இருட்டுக்குள் இருந்த வீடுகளை நான் கண்ணால் பார்த்தேன். மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பலாம் என்றால், லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டிலேயே 340 ரூபா ஆகிவிட்டிருந்தது. பின்வந்த குறைப்புகளால் இன்று அதே 30 அலகுக்கு 215 ரூபா. குறைபாடு நிறைந்ததுதான், ஆனாலும் இது இல்லாத காலத்தையும் பார்த்துவிட்டோம்.

மண்டபத்திலிருந்து_வந்தவன் | 2025 ஓகஸ்ட் 5

1990 இல் படகேறிப் போய், இருபது வருடங்களுக்கு மேலாகத் தமிழ்நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவன் நான். அங்கே 2016 மே மாதத்திலிருந்து, இரண்டு மாதப் பட்டியலில் முதல் 100 அலகு எல்லா வீடுகளுக்கும் இலவசம். விண்ணப்பம் இல்லை, வருமானச் சான்றிதழ் இல்லை, வரிசையும் இல்லை. பணக்கார வீட்டுக்கும் அது போகிறது என்ற குறை அங்கும் உண்டு. ஆனால் 100 ஐத் தாண்டியதற்காக அந்த முதல் 100 அலகுக்குப் பணம் கேட்பதில்லை. இங்கே கோட்டைத் தாண்டினால் ஏற்கெனவே தந்ததையும் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு உறைப்பது அந்த வேறுபாடுதான்.

ஸ்காபரோ_திருமலையான் | 2025 ஓகஸ்ட் 6

பூட்டிய வீட்டுக்காரர்களில் நானும் ஒருவன் என்பதால் சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டின் பட்டியல் மாதம் நூறு ரூபாவைச் சுற்றியே வருகிறது.

இங்கே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2016 முதல் வருமானம் குறைந்த வீடுகளுக்கு மின் கட்டணத் துணைத்திட்டம் ஒன்று உண்டு. வீட்டின் மொத்த வருமானத்தையும் அங்கே வசிப்பவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்து ஒரு தொகையைத் தீர்மானித்து, அதை மாதந்தோறும் பட்டியலிலேயே கழித்துவிடுகிறார்கள். ஒரே வருமானத்தில் ஆறு பேர் வாழும் வீட்டுக்கு, இரண்டு பேர் வாழும் வீட்டைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். மின்சாரத்தால் வெப்பமூட்டும் வீடுகளுக்கும், சில மருத்துவக் கருவிகளை வீட்டில் இயக்குபவர்களுக்கும் தொகை மேலும் உயரும். நிலுவை விழுந்து துண்டிக்கப்படும் நிலையில் இருப்பவர்களுக்கு அவசர உதவி வேறாக இருக்கிறது. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை நிலுவைக்காக எந்த வீட்டின் மின்சாரத்தையும் துண்டிக்க முடியாது.

இதிலும் முள் உண்டு. மின் கணக்கு விண்ணப்பிப்பவரின் பெயரில் இருக்க வேண்டும். நிலவறையில் வாடகைக்கு இருந்து, மின்சாரத்தையும் வாடகைக்குள்ளேயே சேர்த்துக் கொடுக்கும் நம்மவர் பலர், எவ்வளவு ஏழையானாலும் விண்ணப்பிக்க வழியின்றி நிற்கிறார்கள். தலையை எண்ணும் முறையிலும் தலை தெரியாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

முன்னாள்_கிராம_உத்தியோகத்தர் | 2025 ஓகஸ்ட் 8

நம்மிடமும் தலையை எண்ணும் ஒரு முறை இருக்கிறது; அதை மின்சாரத்தோடு இணைக்கவில்லை. அதுதான் அஸ்வெசும.

2023 ஜூலை முதல், முன்னைய வறுமை நிவாரணமான சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் நடைமுறைக்கு வந்த இந்தத் திட்டத்தில், கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு வகைகளுக்குள் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் தரம் பிரிக்கப்பட்டன. இந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா வரையும், வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா வரையும் வழங்கப்படுகிறது. பாதிக்கப்படக்கூடிய பிரிவுக்கு 5,000 ரூபா. சிறுநீரக நோயாளர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 10,000 ரூபாவும், முதியோருக்கு 5,000 ரூபாவும் இந்த வருடத்து வரவுசெலவுத் திட்டத்தின்படி கூட்டப்பட்டன. இந்தப் பணத்தை மின் கட்டணத்துக்குச் செலவிடுவதா, அரிசிக்குச் செலவிடுவதா என்பது குடும்பத்தின் முடிவு. அரசின் பார்வையில் மின் கட்டணத்துக்கான பண உதவியும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

திருக்கடலூர்த் தங்கச்சி, நீங்களும் உங்கள் தங்கையும் ஒரு குடும்பமாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறீர்களா, இரண்டாகவா? ஒரே கூரையாக இருந்தாலும் சமையல் வேறென்றால் குடும்பம் வேறு. விண்ணப்பம் நிரப்பியபோது மின் கணக்கு இலக்கத்தையும் கேட்டது பலருக்கு நினைவிருக்கும். இரண்டு குடும்பங்களும் ஒரே இலக்கத்தைக் கொடுத்திருந்தால், எட்டுப் பேரின் மின்சாரத்தை ஒரு குடும்பமே எரித்ததுபோலத் தாளில் தெரியக்கூடும். இதைப் பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவில் எழுத்தில் கொடுத்து, திகதியிட்ட பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதற்கு நாளைக்குச் சாட்சி இருக்காது.

எந்த அடிப்படையில் இந்தப் பிரிவுக்குள் போடப்பட்டோம் என்று கேட்டு மறுமொழி வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதே அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். நான் பதவியில் இருந்த காலத்தில், சாதாரணக் கடிதத்துக்கு ஒரு மாதமாக நகராத கோப்பு, இந்த விண்ணப்பம் வந்த அன்றே அலுமாரியிலிருந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

திருக்கடலூர்_வாசி | 2025 ஓகஸ்ட் 9

அனைவருக்கும் நன்றி. ஐயா, நாங்கள் இரண்டு குடும்பங்களாகத்தான் பதிந்திருக்கிறோம். எங்களுக்கு 5,000 ரூபா கிடைக்கிறது. தங்கைக்கு எதுவும் கிடைப்பதில்லை. இரண்டு விண்ணப்பங்களிலும் அப்பாவின் பெயரில் உள்ள அதே மின் கணக்கு இலக்கத்தைத்தான் கொடுத்தோம். இதுவரை அது ஒரு பிரச்சினையாக இருக்குமென்று தோன்றவே இல்லை.

பழையவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. பின்பகுதிக்கென்று தனியாக ஒரு மின்மானி எடுக்க முடியுமா?

பாலையூற்று_பழையவர் | 2025 ஓகஸ்ட் 9

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், மகள். முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் 93 அலகு முன்வீட்டுக்கு 52, பின்வீட்டுக்கு 41 என்று பிரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முன்வீட்டுக்கு 521 ரூபா, பின்வீட்டுக்கு 433 ரூபா. இரண்டும் சேர்ந்து 954 ரூபா. இப்போது கட்டுவது 2392. மாதம் 1438 ரூபா மிஞ்சும். எந்த அலுவலகமும் படிவம் நிரப்பித் தராத உதவி இது.

தனி மானி கேட்டால் அது உண்மையிலேயே தனி வீடுதானா என்று பார்ப்பார்கள். தனி வாசலும் தனிச் சமையலறையும் இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உள்ளூராட்சி சபையில் தனி வரிமதிப்பு இலக்கம் எடுத்துவைத்தால் பேச்சு குறையும். பின்பகுதியின் மின்சுற்று முன்பகுதியிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டு, தகுதிபெற்ற மின்னியலாளர் ஒருவர் சோதித்துக் கையொப்பமிட்ட அறிக்கை இருக்க வேண்டும். பழைய வீடுகளில் இதுதான் கையைக் கடிக்கும். முன் அறையின் ஆளியில் (சுவிட்சில்) பின் அறையின் விளக்கு எரிவதுபோல, கம்பி எங்கெங்கோ ஓடியிருக்கும். அப்பாவின் பெயரில் உள்ள கணக்கையும் மரணச் சான்றிதழோடும் காணி ஆவணத்தோடும் போய் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது இணைப்புக் கேட்கும்போது முதலாவது கணக்கு யாருடையது என்ற கேள்வி எழாமலிருக்கும்.

இணைப்புக்கு ஆகும் செலவு கம்பத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து மாறும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, அதை 1438 ஆல் பிரித்துப் பாருங்கள். எத்தனை மாதத்தில் பணம் திரும்பும் என்று தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம்: பக்கத்து வீட்டு மானியிலிருந்து கம்பி இழுத்துப் பாவனையைப் பங்குபோடுவது. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, உப்புக்காற்றில் உறை வெடித்த கம்பி தகரக் கூரையில் பட்டு உயிர் போன வீட்டுக்கு நான் ஏணியோடு போயிருக்கிறேன்.

நிலாவெளி_வீதி | 2025 ஓகஸ்ட் 10

மானி எடுக்கும்வரை பாவனையைக் குறைக்க வழி ஏதாவது உண்டா, ஐயா?

பாலையூற்று_பழையவர் | 2025 ஓகஸ்ட் 10

சிறிதளவு உண்டு. சாதாரண விசிறி 75 வாற்று. எட்டு மணித்தியாலம் ஓடினால் 0.6 அலகு. மூன்று விசிறிகள் மாதத்துக்கு 54 அலகு தின்னும். சிறிய குளிர்சாதனப் பெட்டி நாளுக்கு ஏறத்தாழ ஓர் அலகு எடுக்கும். இவை இரண்டுமே 84 ஆகிவிட்டன. விளக்கும் சோறு சமைக்கும் கருவியும் இன்னும் கணக்கில் வரவில்லை. இப்போது கடைகளில் இருக்கும் 35 வாற்று விசிறிக்கு மாறினால், விசிறி ஒன்றுக்கு மாதம் 9 அலகுக்கு மேல் மிஞ்சும். ஆனால் விலை அதிகம். கச்சான் காலத்தில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் விசிறியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. திருக்கடலூர் வீட்டுக்கு இப்போதைக்கு 60 எட்டாது. 90 ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே நடக்கக்கூடியது.

சம்பூர்_மண் | 2025 ஓகஸ்ட் 12

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் சம்பூரில் முதலில் நிலக்கரி மின்நிலையம் வரும் என்றார்கள். 2016 இல் அது கைவிடப்பட்டது. இப்போது 120 மெகாவாற்று சூரிய மின் திட்டத்தை இந்த ஏப்ரலில் இந்திய, இலங்கைத் தலைவர்கள் சேர்ந்து தொடக்கிவைத்திருக்கிறார்கள். மீள்குடியேறி ஒற்றை அறை வீட்டில் இருக்கும் நாங்களும் 60 அலகுக் கோட்டை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். கட்டணத் திருத்தத்துக்கு முன்னர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் எழுத்திலும் நேரிலும் கருத்துக் கேட்கிறது. வீட்டிலுள்ள ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அந்தக் கோட்டை நகர்த்த வேண்டும் என்று இங்கிருந்து பத்துப் பேராவது எழுதினால் என்ன?

முன்னாள்_கிராம_உத்தியோகத்தர் | 2025 ஓகஸ்ட் 12

எழுதலாம். அஸ்வெசும பட்டியலில் ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் என்பது ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. மின் கணக்கு இலக்கத்தையும் வாங்கிவைத்திருக்கிறார்கள். இரண்டையும் பொருத்திப் பார்ப்பதற்குப் புதிய கணக்கெடுப்பு தேவையில்லை. நான் வரைவு ஒன்று எழுதி இங்கே இடுகிறேன், திருத்துங்கள்.

திருக்கடலூர்_வாசி | 2025 ஒக்டோபர் 19

இடையில் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு அம்மாவின் பெயருக்கு மாறிவிட்டது. பின்பகுதியில் தங்கையின் அடுப்படிக்கும் எங்கள் கூடத்துக்கும் இடையில் இருந்த திறந்த வழியைக் கல்வைத்து அடைத்தோம். மின்னியலாளர் வந்து பார்த்தபோது, ஐயா சொன்னது போலவே பின் அறையின் விளக்கு ஒன்று எங்கள் பக்கத்து ஆளியில் இருந்தது. அதைப் பிரிக்க ஒரு முழுநாள் எடுத்தது. அறிக்கையோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம், மதிப்பீடு இன்னும் வரவில்லை. தங்கையின் அஸ்வெசும பற்றிய கடிதத்துக்கும் பதில் வராததால், தகவல் அறியும் விண்ணப்பத்தைக் கடந்த வாரம் ஒப்படைத்தேன்.

மின்சார சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை ஆணைக்குழு இந்த மாதம் 14 ஆம் திகதி நிராகரித்தது. ஆகையால் ஐயா போட்டுத் தந்த கணக்கு இன்னமும் செல்லும்.

மாலையில் விளக்கு வைத்த பிறகு மானியைப் பார்த்து, நாட்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் அன்று எரிந்த அலகுகளை எழுதுவது இப்போது என் மூத்தவனின் வேலை. மூன்றைத் தாண்டினால் சிவப்புப் பேனை. செப்டெம்பரில் பதினொரு கட்டங்கள் சிவப்பு. ஆனாலும் பட்டியல் 30 நாட்களுக்கு 88 அலகில் நின்றது.

பாலையூற்று_பழையவர் | 2025 ஒக்டோபர் 19

மதிப்பீடு வந்ததும் கம்பத்திலிருந்து எத்தனை மீற்றர் தூரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள், மகள். நானும் ஒருநாள் நேரில் வந்து அளந்து பார்க்கிறேன்.